எல்லாவற்றுக்கும் ‘சரி’

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. பத்தாவது முறையும் செய்தால் எனக்கு ரோஷமில்லை என்பீர்கள், செய்யாவிட்டால் பாசமில்லை என்பீர்கள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் குரலை உயர்த்தியது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை. பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அண்ணனின் வலது கையும் காலும் தளர்ந்திருக்கின்றன, பேச்சு போய்விட்டது. மிச்சம் இருப்பது ‘சரி’ என்ற ஒரே ஒரு வார்த்தை. இங்கே எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே பேச்சுப் பயிற்சி நிலையம் இருக்கிறது, தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருமுறைதான் ஆள் வருகிறார். ஏப்ரல் முடியும் வரை அண்ணனுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

நான் அவரிடமே கேட்டேன். “எங்கூட வர்றியாண்ணா?” என்றேன். “சரி” என்றார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். கூடப் பிறந்தவள் கேட்டதற்கு அவர் வாயாலேயே பதில் சொன்ன பிறகு, நடுவில் நிற்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

உங்கள் நாத்தனார்

ஜனவரி 24

பாப்பாவுக்கு,

நாற்பத்திரண்டு வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் உங்கள் வீட்டில் உன்னை வேறு மாதிரி கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நடுவில் நிற்க எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருடம் இருக்கிறது. அவர் வேலை முடித்து வரும்போது முழங்காலில் ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சுரண்டியது நான். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சரிந்தபோது தாங்கிப் பிடித்ததும் நான்தான். நீ நாலு நாள் வந்தாய். நாலு நாளும் அவர் தலைமாட்டில் பேச்சைப் பிடிக்கும் அந்தப் பதிவுப் பெட்டியை வைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். நர்ஸ்கூட என்னிடம், “அந்தம்மா யாரு, போலீஸா?” என்று கேட்டாள்.

‘சரி’ உனக்கு மட்டும்தான் சொன்னாரா? நீ பஸ் ஏறிய அன்றைக்கே நானும் கேட்டேன். “என்னை விட்டுட்டுப் போகாம இங்கயே இருக்கீங்களா?” என்றேன். “சரி” என்றார், அதுவும் இரண்டு தடவை. உன் ஒரு சரிக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது.

ஆதி மனுஷன் எப்படிப் பேசக் கற்றுக்கொண்டான் என்று ஆராய்ச்சி செய்கிறாயாம். ஆள் வைத்துக் கல் உடைக்கச் சொல்கிறாயாம். செய், யார் வேண்டாம் என்றது? ஆனால் என் வீட்டுக்காரரையும் ஒரு கல் என்று நினைத்துத் தட்டிப் பார்க்காதே.

போன் எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நாக்கு முந்திக்கொள்கிறது. கடிதமென்றால் தபாலில் போடுவதற்கு முன்னால் இரண்டு வரி அடித்துவிடலாம். இதில் ஆறு வரி அடித்திருக்கிறேன், தெரிந்துகொள்.

அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

அடித்த ஆறு வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். மூன்று வரி எனக்குத் தகும். மற்ற மூன்றும் ரொம்ப அநியாயம்.

கல் உடைக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன், கேலி செய்வதானாலும் தெரிந்து செய்யுங்கள். எங்களிடம் மூன்று அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கல்லைக் கல்லால் தட்டிக் கூர் எடுக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவருக்கு அதைக் கற்றுத்தர வேண்டும். முதல் அறையில் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம். இரண்டாம் அறையில் கையால் சைகை காட்டலாம். மூன்றாம் அறையில் பேசலாம். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தருவார், அவர் அதற்கடுத்தவருக்கு. வேடிக்கை மட்டும் பார்க்கிற அறையில் நாலாவது ஆளுக்குப் போவதற்குள் வித்தை பாதி காணாமல் போய்விடுகிறது. பேசும் அறையில் அது ஓரளவு தாங்குகிறது. இருபது லட்சம் வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் இப்படிக் கல்லைத் தட்டியிருக்கிறார்கள். கைவேலையைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டிய அவசியம்தான் பேச்சையும் மூளையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வளர்த்தது என்று எங்களில் சிலர் நினைக்கிறோம். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கையை நுணுக்கமாக வேலை வாங்கும் இடமும் பேச்சை ஒழுங்குபடுத்தும் இடமும் மூளையின் இடது பக்கத்தில் அண்டை வீடுகள். சில சுவர்கள் பொதுச் சுவர்கள். அண்ணனுக்கு அடி விழுந்தது அங்கேதான். கையும் வாயும் சேர்ந்து போனதற்குக் காரணம் அதுதான்.

ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். அவர் வாயைத் திறந்ததும் நீங்களே வாக்கியத்தை முடித்துவிடுகிறீர்கள். “தண்ணியா? போர்வையா? பாத்ரூமா?” என்று அடுக்குகிறீர்கள். காத்திருங்கள் அண்ணி. நூறு வரைக்கும் மனசுக்குள் எண்ணுங்கள்.

பதிவுப் பெட்டியைப் பற்றி இப்போது எழுத மனமில்லை.

நாத்தனார்

பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

நூறு எண்ணிப் பார்த்தேன். அறுபத்தேழில் பால் பொங்கிவிட்டது.

உனக்குக் கோபம் வரட்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். சமையலறைத் தரையை நானே போட ஆரம்பித்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர் உங்கண்ணன், சொந்த வீட்டுச் சமையலறை மட்டும் மூன்று வருடமாக வெறும் சிமெண்ட். கடைசியில் அடுப்புப் பக்கம் பாதி போட்டார். மறுவாரம் விழுந்துவிட்டார். வாசல் பக்கத்துப் பாதி அப்படியே கிடந்தது. வேறு ஆளை வைத்துப் போட மனம் வரவில்லை. அவர் கலவை பூசும் கரணையைக் கையில் எடுத்துவிட்டேன்.

முதல் டைல் வைத்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாம்பாரில் சர்க்கரை போட்ட மாதிரி பார்த்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, இடது கை விரலால் தட்டினார். டொக்கென்று வெற்றுச் சத்தம். அடியில் கலவை நிரம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரும்பத் தட்டினார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு பாஷை ஓடுகிறது. முதலில் கலவை இன்னும் வேண்டும் என்றால் கையைக் குழித்து, அள்ளி, கொட்டி, பரப்பி என்று பெரிய நாடகமே நடத்துவார். இப்போது உள்ளங்கையை லேசாகத் திருப்பினால் போதும், எனக்குப் புரிந்துவிடுகிறது. இரண்டு விரல் விரித்தால் இடைவெளி அதிகம். சுண்டு விரலை ஆட்டினால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டு. நேற்று உள்ளங்கையைத் திருப்பி, உடனே சுண்டு விரலை ஆட்டினார். கலவை போட்டுவிட்டு மெல்லத் தட்டு! இரண்டையும் சேர்த்துவிட்டார் பார்த்தாயா?

வாயில் மட்டும் அதே சரிதான். பேச்சுப் பயிற்சிக்காரர், “சட்டியில நிறைய இருக்கும்மா, அகப்பைதான் உடைஞ்சிருக்கு” என்றார். நல்ல மனுஷர். ஆனால் வாரத்துக்கு ஒருநாள்.

என் சமையலறையை உன் ஆராய்ச்சியில் எழுதினால் காலை உடைப்பேன்.

அண்ணி

மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். எழுத மாட்டேன், சத்தியம். ஆனால் நாங்கள் மாதக்கணக்கில் அறை போட்டுப் பார்க்கிற விஷயம் உங்கள் அடுப்படியில் மூன்றே வாரத்தில் நடந்திருக்கிறது. பெரிய நாடகம் சின்ன அசைவாகச் சுருங்குவது, பிறகு ஒன்றோடொன்று சேருவது, எல்லாம்! ஒரு தலை தனியாக உட்கார்ந்து மொழியைச் செய்துவிட முடியாது. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வேலை கிடக்க வேண்டும், அது கெட்டுப்போகுமோ என்ற கவலை இருவருக்கும் இருக்க வேண்டும். படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி எழுதப்போவது சந்தோஷமான விஷயம் இல்லை. பதிவுப் பெட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் திறக்கவே இல்லை. போன ஞாயிறு திறந்தேன். நாலு நாளில் அண்ணன் நூற்றுப் பன்னிரண்டு முறை ‘சரி’ சொல்லியிருக்கிறார். டாக்டர், “வலிக்குதா?” என்று கேட்டதற்குச் சரி. “வலிக்கலையா?” என்றதற்கும் சரி. நர்ஸ் சோதித்துப் பார்க்க, “நீங்க பொம்பளையா?” என்று கேட்டாள். அதற்கும் சரிதான். அதே நாளில் மாலை நாலரை மணிக்கு என் குரல் கேட்கிறது: “எங்கூட வர்றியாண்ணா?” அதே சரி. குரல்கூட மாறவில்லை.

மூளையில் அடிபட்டவர்கள் வாயில் ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொள்வது உண்டு. அதைச் சொல்வதால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வருஷா வருஷம் மாணவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. என் அண்ணன் என்று வந்ததும் எனக்கு வேண்டியதை அவர் வாயில் கேட்டுக்கொண்டேன். அதை வைத்து உங்களை வராந்தாவில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன். இந்த மன்னிப்பு குரலை உயர்த்தியதற்கு இல்லை, அதற்கு ஏற்கெனவே கேட்டாயிற்று. இது பொய்யான சரியை மெய் என்று பிடித்துக்கொண்டு நின்றதற்கு.

இடம் ஏப்ரல் முடியும் வரை இருக்கிறது. இனி நான் இழுக்க மாட்டேன்.

நாத்தனார்

மார்ச் 25

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை வைத்து உன்னை ஒரு பிடி பிடித்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியும். நீ பஸ் ஏறிய மறுநாள் அவரிடம், “நான் உங்களுக்கு யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?” என்று கேட்டேன். சரி என்றார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் என்னிடம் இரண்டு சரி இருக்கிறது என்று உனக்கு ஜம்பமாக எழுதினேன்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் உன்னோடு வந்துவிடுவார் என்று பயந்தேன். அங்கே போனால் பேச்சு வந்துவிடும், உன்னால் வந்தது என்று ஆகிவிடும், நான் வெறும் சோறு போட்டவள் ஆகிவிடுவேன். இப்படியெல்லாம் நினைத்தேன். இப்போது பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. தினம் மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டியதை என் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டேனோ? அவர் வாயை நானே பூட்டி வைத்திருக்கிறேனோ? டைல்ஸ் போடும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறோம். ஆனால் கை பேசிவிட்டதே, இனி வாய் எதற்கு என்று அது சோம்பி உட்கார்ந்துவிட்டால்?

நாலு மாதம் முடிந்துவிட்டது. இதற்குமேல் வராது என்றால் வராது என்று சொல்லிவிடு. நீ படித்தவள். என்னிடம் மழுப்பாதே.

அண்ணி

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

மழுப்பவில்லை, தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன். முதல் சில மாதங்களில்தான் வேகமாக முன்னேற்றம் வரும் என்பது உண்மை. ஒரு வருஷம் கழித்து வார்த்தை திரும்பியவர்களும் உண்டு, அதுவும் உண்மை. வராமலே போனவர்களும் இருக்கிறார்கள்.

சைகை வாயைச் சோம்பேறியாக்கும் என்று பயப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை அது பேச்சுக்குக் கைகொடுக்கத்தான் செய்யும். மனிதர்கள் முதலில் கையால் பேசி, பிறகுதான் வாய்க்கு வந்தார்கள் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். கை நல்ல மொழிதான், கையாலேயே எல்லாம் பேசும் மனிதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அது வேலையாக இருக்கும்போது பேச முடியாது. எதிராளி பார்க்காவிட்டாலும் அதனால் பயனில்லை.

நீங்கள் வாயைப் பூட்டவில்லை அண்ணி. அவர் பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால்தான் பூட்டு.

அடுத்து என்ன செய்வது என்று நாம் இருவரும் முடிவு செய்ய வேண்டாம். அவரால் ‘இல்லை’ என்று ஒரு முறை சொல்ல முடியட்டும், அதற்குப் பிறகு கேட்போம். இல்லை என்று சொல்ல முடிந்தவர் சொல்லும் சரிக்குத்தான் மதிப்பு.

நாத்தனார்

ஏப்ரல் 15

பாப்பா,

கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு, எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உங்கண்ணன் அடுப்புப் பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியில் கண் அயர்ந்தார். வாசல் பக்கம் கடைசியாக ஒரு திட்டு பாக்கி. அவர் எழுவதற்குள் நானே முடித்து, “பாருங்க எப்படி” எனக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தேன், நூல் பிடித்தேன், எல்லாம் அவர் காட்டிக் கொடுத்தபடியே. வாசற்படியிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாக வைத்துக்கொண்டே வந்தேன். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையும் கலவை.

நாலு வரிசை ஆயிற்று. பின்னால் சுவரில் பட்பட்டென்று தட்டும் சத்தம். டீக்குத்தான் என்று நினைத்தேன். “இருங்க, இதை முடிச்சுட்டுப் போடறேன்” என்றேன். மறுபடி தட்டல். “சரி சரி சரி” என்று வேகமாகக் கேட்கிறது. நான் திரும்பவில்லை. அடுத்த டைலைத் தூக்கினேன்.

“நில்லுடி!”

டைல் கையிலிருந்து விழுந்து இரண்டாய்ப் போயிற்று. திரும்பிப் பார்க்கிறேன், அவர் எழுந்து நிற்கிறார். முகம் சிவந்திருக்கிறது. இடது கையை நீட்டி, “கத… கதவு” என்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “கதவு! கதவு!” என்கிறார். அப்புறம்தான் உறைத்தது. அந்த அறைக்கு ஒரே வாசல், ஜன்னலுக்குக் கம்பி. வாசலிலிருந்து ஆரம்பித்து உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஈரம் காய ஒருநாள் ஆகும். எங்கள் இரண்டு பேரையும் சமையலறைக்குள்ளேயே வைத்து நானே பூசிவிட்டேன்! நானாவது தாண்டிக் குதிப்பேன், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எப்படிக் குதிப்பார்? எந்த வேலையும் உள்மூலையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும் என்று டைல்ஸ்காரர் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை.

என்னை டி போட்டால் மூன்று நாள் பேசாமல் இருப்பவள் நான், உனக்குத் தெரியும். நேற்று, “இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை திட்டுங்க” என்று கெஞ்சினேன். கலவைக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று நினைத்து, அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சுவரோரமாக நெடுக ஒரு வரிசை டைல்ஸை மட்டும் பெயர்த்து வழி செய்தோம். “ஓரம்” என்றார். “மெல்ல” என்றார். ஒவ்வொன்றுக்கும் வாய் கோணி, நெற்றி வியர்த்து, பாதியில் வேறு எங்கோ போய்த் திரும்பி வந்தது. நான் நடுவில் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து இன்றைக்கு வீங்கிக் கிடக்கிறது. இன்று காலை பயிற்சிக்காரர் வந்தார். அவரும் கேட்டார். இனி வாரத்துக்கு மூன்று நாள் வருகிறாராம்.

அப்பாடா என்று இருக்கிறது பாப்பா. ஐந்து மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள்.

இன்னும் சொல்லி முடியவில்லை. நேற்றே, கை கால் கழுவி முன்னறையில் உட்கார்ந்ததும், கேட்டுவிட்டேன். ஒளிக்கவில்லை, உன் பயிற்சி நிலையத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். “பாப்பா ஊருக்குப் போறீங்களா?” என்றேன். “இ… இல்ல” என்றார். என் காதால் கேட்டேன். மனசு ஒரு துள்ளுத் துள்ளியது, அதை மறைக்கப்போவதில்லை. “அப்ப இங்க என்கிட்டயே இருக்கீங்களா?” என்றேன். சரி வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை. தலையை ஆட்டினார், நான் தப்பான கேள்வி கேட்டுவிட்ட மாதிரி. அவர் வாய் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. நான் நூறு எண்ணி முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

“பாப்பா… வரட்டும்” என்றார்.

நீயோ நானோ அதைக் கேட்கவே இல்லை பார். அங்கேயா இங்கேயா என்று அடித்துக்கொண்டோமே தவிர, அந்த மனுஷனுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

அண்ணி, தயவுசெய்து இதை அவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். எதையும் விளக்க வேண்டாம்.

நவம்பரிலிருந்து உன்னைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன் அண்ணா. டாக்டருக்கு எழுதினேன், பயிற்சி நிலையத்துக்கு எழுதினேன், அண்ணிக்கு எழுதினேன். உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உனக்குப் புரியுமோ புரியாதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். வராந்தாவில் நாங்கள் போட்ட சண்டையும் உன் காதில் விழுந்திருக்கும்.

பயிற்சி நிலையத்தில் பிடித்து வைத்திருந்த இடத்தை இன்று காலை விட்டுக்கொடுத்துவிட்டேன். அடுத்துக் காத்திருந்த ஓர் அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இரண்டு மாத விடுப்பு. பதிவுப் பெட்டி எடுத்து வரவில்லை, நோட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குவேன். என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். முதலில் அதைச் சொல்லிவிடு. சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆனாலும் நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் பாப்பா